இடது கையில் அளவு காட்டவில்லை

அனுப்புநர்:
கருவி மெக்கானிக்,
பழுதுபார்க்கும் அறை, தரைத்தளம்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: ரத்த அழுத்தக் கருவியின் மேல் போட்ட பழியை நீக்கி என்னை விசாரிக்கவும், டோக்கன் 41-க்கு உரிய பெண்ணை உடனே அழைக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இங்கே சலவைப் பிரிவில் வேலை பார்த்த என் தங்கைக்கு (வயது 29) சென்ற மாதம் பக்கவாதம் வந்தது. "கருவிக் கோளாறால் முன்பே கண்டறிய இயலவில்லை" என்று விசாரணையை முடித்துவிட்டீர்கள். கருவியில் கோளாறே இல்லை, ஐயா. கோளாறு என்னிடம்.

2. ஈரத்துணி தூக்கினால் இடது கை சோர்ந்துபோகிறது, தலை சுற்றுகிறது என்று மூன்று முறை புறநோயாளர் பிரிவுக்குப் போனாள். மூன்று முறையும் செவிலியர் இடது கையில்தான் பட்டையைச் சுற்றினார், அளவு வரவில்லை. "இடது கையில் அளவு காட்டவில்லை" என்ற சீட்டோடு கருவி என் மேசைக்கு வந்தது. என் கையில் சுற்றிப் பார்த்தேன், ஒழுங்காகக் காட்டியது. இருந்தும் பட்டையை மாற்றி, "சரிசெய்யப்பட்டது" என்று எழுதினேன். மூன்றாம் முறை அவளே கருவியைத் தூக்கிவந்தாள். "ஏண்ணா, உன் மெஷினுக்கு என்னைக் கண்டாலே ஆகாதா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கையைப் பிடித்து நாடி பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இருபது வருடமாகக் கருவிகளை மட்டுமே சந்தேகப்பட்டுப் பழகியவன் நான்.

3. ரத்தக்குழாய்களில் அழற்சி வந்து, இடது கைக்கும் மூளைக்கும் போகும் குழாய்கள் சுருங்கியிருந்ததாகப் பிறகு பெரிய டாக்டர் சொன்னார். வலது கையிலும் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்குமாம். இப்போது அவளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. நாடி இல்லாத அந்த இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். என்ன கேட்கிறாள் என்று புரியவில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பார்க்கிறேன். "பைத்தியம் பிடிச்சிருச்சா உங்களுக்கு?" என்கிறாள் மனைவி. பிடித்தால்கூடத் தேவலை.

4. நேற்று வேறொரு கருவி வந்தது. சீட்டில் அதே வரி. பெயர் இல்லை, டோக்கன் 41, பெண், வயது 22. அந்தக் கருவியும் நன்றாகவே இருக்கிறது. பதிவறைக்கு ஓடினேன். "மெக்கானிக்குக்கு எதுக்குப்பா நோயாளி விவரம்?" என்று அனுப்பிவிட்டார்கள்.

என் மேல் நடவடிக்கையைச் சாவகாசமாக எடுங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். அந்தப் பெண்ணை மட்டும் இன்றே வரவழைத்து, இரண்டு கைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். மெஷின்தான் ரிப்பேர் என்று நம்பி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் பெயரைத் தேடி எடுக்க உங்களால்தான் முடியும், ஐயா.

நாள்: செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி
இடம்: தங்கள் அறை வாசல்

தாங்கள் வரும்வரை இங்கேயே நிற்கும்,
(ஒப்பம்)
கருவி மெக்கானிக்