பட்டியலில் எங்கள் ஊர் இல்லை

ஜூலை 9, செவ்வாய்

மாடி அறைக்கு ஆள் வந்தாயிற்று. பெயர் யெர்னெய். ஸ்லோவேனியாக்காரர். எங்கள் லூத்தரன் சர்ச்சின் பழைய குழாய் ஆர்கனைப் பிரித்துச் சரிசெய்ய வந்திருக்கிறார், ஐந்து வார வேலை. வயது ஐம்பத்தெட்டு, என்னைவிட இரண்டு கூட. போதகரின் மனைவி கேட்டபோது சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் விடுமுறை, கேன்டீன் சமையல் கிடையாது, கை சும்மா கிடக்கிறது. என் வீட்டுக்காரர் ரோஜர் செத்து எட்டு வருடமாக அந்த மாடிப்படியில் ஆம்பளை நடக்கிற சத்தம் கேட்டதில்லை. இன்றைக்கு நான்கு தடவை கேட்டது. எண்ணிக்கொண்டா இருந்தேன்? இருந்தேன்.

சட்டைப்பையில் அவர் ஊர்ப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த காகிதம் ஒன்று வைத்திருக்கிறார். அமெரிக்கா போகிறவர்கள் சாப்பிடாமல் திரும்பக்கூடாத பன்னிரண்டு பதார்த்தங்களாம். லூசியானாவின் கம்போ குழம்பு, மெம்ஃபிஸ் விலா இறைச்சி, மெயின் கடற்கரையின் சிங்கிறால் பன், சிகாகோ பீட்சா. பக்கத்து விஸ்கான்சின் பாலாடைக்கட்டிகூட இருக்கிறது! எங்கள் மினசோட்டா மட்டும் இல்லை.

"எங்க ஊரக் காணோமே?" என்றேன்.

"உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

குத்திக் காட்டினாரா, தெரியாமல்தான் கேட்டாரா? எதுவானாலும் சரி. ஐந்து வாரம் இருக்கிறது, ஒரு கை பார்க்கிறேன்.

ஜூலை 10, புதன்

ஹாட்டிஷ் செய்தேன். கொத்துக்கறி, டின் காளான் சூப், பட்டாணி, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி ஓவனில் ஒரு மணி நேரம். முதல் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன், வேண்டாம் என்றார். போட்டேன். அதையும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன், வயிற்றில் இடமில்லை என்றார். போட்டேன். மூன்றாவது தட்டைச் சாப்பிடும்போது முகம் வெளுத்துப்போய் இருந்தது.

வேண்டாம் என்றால் வேண்டாமா? யாருக்குத் தெரியும்? இங்கே யாரும் முதல் தடவையே சரி என்று சொல்வதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மானத்தை வாங்கிவிட்டார். சர்ச் அடித்தளத்தில் பொதுச் சாப்பாடு. துருவிய கேரட் போட்ட ஆரஞ்சு ஜெல்லியைப் பார்த்து, "இது சாலடா, இனிப்பா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். சாலட்தான், என்ன கேள்வி! அதையாவது மன்னிக்கலாம். ருபார்ப் பார், புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட இனிப்பு, அந்தத் தட்டில் கடைசித் துண்டு ஒன்று இருந்தது. ஆளாளுக்கு வந்து அதைப் பாதியாக வெட்டி, மீதியை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசித் துண்டை முழுசாக எடுக்க இந்த ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. இவர் நேராக வந்தார், எடுத்தார், வாயில் போட்டுக்கொண்டார். "பிரமாதம். வேற இருக்கா?" என்றார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தங்கை மார்லிஸ் என் காதில், "அக்கா, இந்த ஆளுக்குப் பசிச்சா பசிக்குதுன்னே சொல்லிடுவார் போல!" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்தேன். அப்புறம் ஏனோ எரிச்சல் வந்தது.

ஜூலை 28, ஞாயிறு

ஏரியில் கையால் அறுத்த காட்டரிசி, போன வருடத்து மிச்சம், ஒரு பை இருந்தது. கடையில் கறுப்பாய்க் கல் மாதிரி விற்கிறார்களே, அதில்லை. இது இருபதே நிமிடத்தில் மலர்ந்துவிடும். கோழியும் கிரீமும் சேர்த்து சூப் வைத்தேன். அவர் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். முடித்துவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்து, பன்னிரண்டுக்குக் கீழே பதின்மூன்று என்று போட்டு, காட்டரிசி சூப் என்று எழுதினார்.

தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆர்கன் வாசித்தாயிற்று. இத்தனை வருடம் இருமிக்கொண்டிருந்த குழாய்கள் எல்லாம் தெளிவாகப் பேசின. கிழவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். வேலை முடிந்தது. இனி அவருக்கு இங்கே என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 12, திங்கள்

கேட்டுவிட்டார்.

காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். கார் வாடகைக்கு எடுக்கப்போகிறாராம். "மிசிசிப்பி உங்க ஊர்ப்பக்கம்தானே பொறக்குது. அது கூடவே கடல் வரைக்கும் போகப் போறேன். பட்டியல்ல நாலு அந்த வழியில கிடைக்கும். நீங்களும் வாங்க, லவோன்."

நான் பக்கத்து ஐயோவா மாநிலத்தைத் தாண்டித் தெற்கே போனதில்லை. ஊற்றிக்கொண்டே இருந்ததில் காபி சாஸரில் வழிந்தது. என்ன சொன்னேன்? "ஐயோ, நான் எதுக்கு? உங்களுக்குத்தான் தொந்தரவு."

"அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

பரவாயில்லை. நாளைக்குக் கேட்பார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கேட்கவில்லை. சாக்கு எடுத்துக் கொடுப்போமே என்று, "லூசியானால இப்ப வெயில் கொளுத்துமாமே" என்றேன். "ஆமாம், கொளுத்தும்" என்றார். அவ்வளவுதான்.

ஏரியைக் காரில் சுற்றி வந்தேன். இரண்டு தடவை.

ஆகஸ்ட் 14, புதன்

மார்லிஸுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிக்கிறாள், சனியன்!

"அக்கா, உன்னை ஒரே தடவை கேட்டு யாரு சரின்னு வாங்கியிருக்கா? கல்யாணத்துக்கே ரோஜர் மூணு தடவை கேட்டாரு. நடுவுல ஒரு மான் வேட்டை சீசனே போச்சு."

"அவர் நம்ம ஊர்க்காரர். அவருக்குத் தெரியும்."

"இவருக்குத் தெரியாது. நீயே போய்ச் சொல்லேன், நான் வர்றேன்னு."

எப்படிச் சொல்வது? வாயைத் திறந்து, எனக்கு வேண்டும் என்றா? எங்கள் வீட்டில் யார் அப்படிச் சொன்னார்கள்? அம்மா சாகக் கிடந்தபோது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், "இருந்தா குடு, உனக்குச் சிரமம்னா வேண்டாம்" என்பாள்.

அவருடைய வேண்டாமை நான் ஐந்து வாரமாக நம்பவில்லை. என்னுடைய ஒரு வேண்டாமை அவர் அப்படியே நம்பிவிட்டார். இதில் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

திங்கட்கிழமை மினியாபொலிஸிலிருந்து நேரே ஊருக்கு விமானம் ஏறுகிறாராம். கார் எடுக்கவில்லை. "தனியாச் சாப்பிட்டுக்கிட்டே அவ்வளவு தூரம் போறதுல என்ன இருக்கு?" என்றார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கண் மட்டும் ஜன்னலைப் பார்த்தது.

அப்பவாவது வாயத் தொறந்தேனா? "பிளேன்ல சாப்பிட சாண்ட்விச் கட்டித் தரேன்"னேன். சாண்ட்விச்! அம்பத்தாறு வயசாச்சு, மூளை எங்கடி போச்சு உனக்கு? அவர் போனப்புறம் இந்த வீட்டுல உக்காந்து யாருக்கு ஹாட்டிஷ் போடப் போற? யாரு முகம் வெளுக்க மூணு தட்டு சாப்பிடப் போறா? அழுகை வருது. நல்லா அழு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

லீஜன் என்கிற பழைய ராணுவ வீரர்கள் மன்றத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல். வழக்கம்போல எண்ணெய்ச் சட்டி என் பொறுப்பு. எங்கள் ஏரியின் வால்ஐ மீனை மாவில் தோய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். யெர்னெய் தட்டோடு வரிசையில் வந்தார். அவருக்குப் பின்னால் மார்லிஸ், அவளுக்குப் பின்னால் பாதி ஊர்.

"ரெண்டு துண்டு போதும்" என்றார்.

இரண்டே துண்டு வைத்தேன். மூன்றாவது வைக்கவில்லை. அவரே நிமிர்ந்து பார்த்தார். அந்த நிமிடம் என் வாய் தானாகத் திறந்தது.

"நானும் வர்றேன்."

"எங்க?"

"ஆத்தோட. கடல் வரைக்கும். உங்க கூட."

வரிசை முழுவதும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. சட்டியில் மீன் பொரிந்துகொண்டே இருந்தது. என் முகம் அந்தச் சட்டியைவிடச் சூடாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு வேண்டாம்னீங்களே?" என்றார். புரியாமல்தான் கேட்டார், பாவம்.

"அது முதல் வேண்டாம்."

"மொத்தம் எத்தனை வேண்டாம் இருக்கு?"

"இங்க மூணு தடவை கேக்கணும், சார்" என்றாள் மார்லிஸ் பின்னாலிருந்து. "மூணாவதுதான் கணக்கு. எல்லாருக்கும் தெரியுமே!"

"எனக்கு யாரும் சொல்லலையே." தட்டை மேஜை மேல் வைத்தார். "அஞ்சு வாரமா எல்லாத்தையும் தின்ன வச்சீங்க, இதைச் சொல்லலையே லவோன்!" குரல் உயர்ந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிறகு பார்த்தால், மனுஷர் சிரிக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். விமானத்தை மாற்ற முடியுமா என்று காலையில் கேட்கிறேன் என்றார்.

நான்கு துண்டு மீனைக் கருக்கிவிட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை, கருகியதையே நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் விடுப்பு கேட்டேன். கேன்டீன் மேலாளர் ஒரே தடவையில் சரி என்றுவிட்டாள். நான்தான், "சிரமம்னா பரவாயில்ல" என்று இரண்டு தடவை சொன்னேன். பழக்கம் போகுமா!

ஆகஸ்ட் 27, செவ்வாய், மெம்ஃபிஸ்

மதியம் விலா இறைச்சி. உலர்ந்த மசாலா தடவினது, சாறு ஊற்றினது, இரண்டும். விரலெல்லாம் சிவப்பு. நான்கு நாளாக வண்டி ஓட்டி முதுகு ஒடிகிறது. ராத்திரி பகல் என்று இல்லாமல் மனசு ஓடிக்கொண்டிருக்கிறது: லூசியானா, அப்புறம்? அப்புறம் அவர் ஊருக்கு, நான் என் ஊருக்கு. அவ்வளவுதானே?

யெர்னெய் தொண்டையைச் செருமிக்கொண்டார். எலும்பைக் கீழே வைத்தார். விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தார். எனக்குப் பொறுமையே இல்லை.

"கிறிஸ்துமஸுக்கு என் ஊருக்கு வர்றீங்களா? பாக்கறதுக்குன்னு இல்ல. இருக்கறதுக்கு."

"வர்றேன்" என்றேன்.

அவர் துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தார்.

"இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்னு ஒத்திகையெல்லாம் பாத்து வச்சிருந்தேனே" என்றார்.

ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள் என்றேன்.