நிலவரி வகுப்பு

நவம்பர் 7
இன்று முதல் நான் மகளிர் உதவி மையத்தில் வழிகாட்டி. கழுத்தில் மாட்ட அட்டைகூடக் கொடுத்துவிட்டார்கள். படிக்கிற வயதில் கர்ப்பமான பெண்களுக்கு வாரம் ஒருமுறை துணையிருக்க வேண்டும். சம்பளம் கிடையாது, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியைக்கு வேறு வேலையும் கிடையாது.
தங்கையிடம் சொன்னேன். "கத்தாழையவே காய வச்சவக்கா நீ! புள்ள வளக்கச் சொல்லிக்குடுக்கப் போறியா?" மூன்று பெற்றவள். பேசலாம்.

நவம்பர் 14
எனக்கு வாய்த்தவளுக்குப் பதினேழு வயது; வயிற்றில் ஏழு மாதம். 'பொறுப்பான தாய்மை' பற்றி ஆறு பக்கம் எழுதிப் போயிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள்.

நவம்பர் 21
தூங்கினாள்.

நவம்பர் 28
தூங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்: உனக்கு என்னதான் வேண்டும்?
"மார்ச்ல பன்னண்டாவது பரீட்சை எழுதணும் மேடம். அதுக்குள்ள பொறந்துடும். புள்ளைய யாரு பாத்துப்பான்னு அம்மா கேக்குறாங்க."
அருமையான பதில் ஒன்று வைத்திருந்தேன். முன்னுரையிலேயே கண் மூடிவிட்டாள்.

டிசம்பர் 5
மையப் பொறுப்பாளரிடம் முறையிட்டேன். சிரித்தார். "வீட்ல ஒரே ரூம் மேடம். அம்மா தையல் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். உங்க பேச்சக் கேட்டாத்தான் தூக்கம் வருதாம். வியாழக்கிழமை எப்ப வரும்னு கேக்குது."
பணிக்காலம் முழுவதும் இப்படியொரு பாராட்டு கிடைத்ததில்லை.

டிசம்பர் 12
தாய்மையைக் கைவிட்டேன். எனக்குத் தெரிந்த நிலவரி வரலாற்றை எடுத்தேன். கல்லூரியில் கடைசி பெஞ்சு மொத்தத்தையும் சாய்த்த பாடம். எழுந்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "நீங்க வரிய ஆரம்பிச்சா உள்ள உதைக்கறதும் அடங்கிடுது மேடம்."
ஒரே மூச்சில் இரண்டு பேர்.

ஜனவரி 30
ஆண் குழந்தை. இருவரும் நலம். நான் தூக்கிய அழகைப் பார்த்து செவிலியர் உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்.

மார்ச் 2
நாளை முதல் பரீட்சை. "நான் தையல் வேலையப் பாக்கணும். புள்ளைய யாரு பாத்துக்குவா?" என்றார் அவள் அம்மா. "நான் பார்க்கிறேன்" என்று ஒரு குரல். யாரென்று பார்த்தால் — நான்.
எனக்கென்ன பைத்தியமா? இன்னும் தலைகூட நிக்காத புள்ள. கீழ போட்டுட்டேன்னா?

மார்ச் 3
பள்ளித் தாழ்வாரம். மணி அடித்தது, அவள் உள்ளே போனாள், இவன் ஆரம்பித்தான். புட்டிப்பால் கொடுத்தேன், தோளில் போட்டேன், ஆட்டினேன். ம்ஹூம். ஜன்னல் வழியே பார்த்தால், அவள் பேனாவை மூடிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுந்துவிடுவாள் போலிருந்தது.
கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். "நிறுத்தறீங்களா, இல்ல அந்தப் பொண்ண அனுப்பட்டுமா?"
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விளைச்சலில் அரசின் பங்கு எவ்வளவு என்பதிலிருந்து தொடங்கினேன்.
அழுகை நின்றது. கண்ணை அகல விரித்து என் வாயையே பார்த்தான். எங்கேயோ கேட்ட குரல் என்று நினைத்திருப்பான். தீர்வைக் கணக்குக்கு வருமுன் கொட்டாவி. உள்ளே பேனா திறந்தது.
சற்றுத் தள்ளி வாயிற்காவலரும் தூங்கிக்கொண்டிருந்தார்.
வெளியே வந்தவள் மகனை வாங்கிக்கொண்டாள். "அடுத்த பேப்பர் வியாழக்கிழமை. நேரத்துக்கு வந்துடுங்க மேடம்." வேண்டுகோள் அல்ல, உத்தரவு.

மார்ச் 5
கை இன்னும் வலிக்கிறது. நாளைக்குப் பாசன வரி எடுத்து வைத்திருக்கிறேன்.