இரண்டு பெட்டி குண்டுமல்லி குறித்த புகார் மனு

அனுப்புநர்:
வைஷாலி த/பெ சிங்காரவேல்,
செங்காங், சிங்கப்பூர்.

பெறுநர்:
தரவுப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
டாக்கெரா செய்திச் செயலி நிறுவனம்,
வட்டார அலுவலகம், சிங்கப்பூர்.

பொருள்: பூக்கடை ஊழியர் திரு. மருதப்பனின் செய்தியை வெடிகுண்டு மிரட்டல் என்று தவறாக மொழிபெயர்த்துக் காவல்துறைக்கு அனுப்பியது. கேட்டதற்கு மேலாக அவருடைய தரவுகளைக் கொடுத்தது. அவர் கணக்கின் மீதுள்ள சிவப்பு அறிவிப்பை நவம்பர் 30ஆம் தேதிக்குள் நீக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் நிறுவனத்தின் மூன்று மின்னஞ்சல் பதில்கள் (அக்டோபர் 3, 14, 29).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் உதவிப் பக்கத்தில் நான்கு மொழிகளிலும் எழுதலாம் என்று போட்டிருக்கிறீர்கள். இதுவரை மூன்று முறை ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். இந்தத் துன்பம் ஒரு தமிழ்ச் சொல்லால் வந்தது என்பதால் இம்முறை தமிழில் எழுதுகிறேன்.

1. என் வயது இருபத்தாறு. கிளமெண்டியில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் தாயார் திருமதி பூவம்மா ஃபேரர் பார்க் அருகே பூக்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில் பதினோரு ஆண்டுகளாக மாலை கட்டுபவர் திரு. மருதப்பன். வயது நாற்பத்து நான்கு. நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர். கடையின் பெயர்தான் என் தாயாருடையது. அதைத் தினமும் திறந்து நடத்துவது அவர்தான்.

2. சரக்கு விவரம் பேசிக்கொள்வதற்காகத் தங்கள் செயலியில் 'பூவம்மா கடை' என்று ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் என் தாயார், மருதப்பன், நான் என மூன்று பேர். மருதப்பனின் கைப்பேசியில் செயலியைப் பதிவிறக்கிக் கொடுத்தது நான். நீளமாக ஓர் ஒப்பந்தம் வந்தது. "என்ன பாப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "எல்லாரும் ஓகே குடுக்கிறதுதாண்ணே, ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை நானே தட்டினேன். தங்கள் மீது குறை சொல்லும் மனுவில் இதை மறைத்து எழுதுவது முறையாகாது.

3. கடந்த செப்டம்பர் 25ஆம் தேதி, வியாழக்கிழமை, நவராத்திரி நேரம். அன்று குழுவில் நாங்கள் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் கீழே தருகிறேன்.

பிற்பகல் 4.06, மருதப்பன்: "அக்கா குண்டு வந்துருச்சு. ரெண்டு பெட்டி."
4.08, என் தாயார்: "ஐஸ்ல வை தம்பி. சூடு பட்டா எல்லாம் வெடிச்சுடும்."
4.11, நான்: "மருதண்ணே, காலையில ஆறு மணிக்குள்ள கோயில்ல வச்சுடணும் லா. கூட்டம் வந்துட்டா உள்ளயே போக முடியாது."
4.12, மருதப்பன்: "சரி பாப்பா. அங்க ஒரு பெட்டி போதும். இன்னொண்ணு தேக்காவுக்கு."

4. குண்டு என்பது குண்டுமல்லி. மொட்டு உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர். பூ வியாபாரத்தில் இருக்கிற யாரும் முழுப் பெயரைச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை. சூட்டில் மொட்டு விரிந்துவிடுவதைத்தான் வெடிப்பது என்கிறோம். விரிந்த பூவைச் சரத்தில் தொடுத்தால் அரை நாள்கூடத் தாங்காது. அதனால் ஐஸ். தமிழில் குண்டு என்றால் முதலில் உருண்டை. வெடிப்பதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையைக் குண்டு என்று கூப்பிடுகிறோம். பள்ளியில் நான் குண்டு எறிதலில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவள். இப்போது அதைத் தங்கள் செயலியில் யாரிடமும் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

5. என்னைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்டு விண்ணப்பித்தபோது இரண்டு பக்கம் அனுப்பினீர்கள். அதிலிருந்துதான் மற்றதெல்லாம் தெரிந்துகொண்டேன். 4.12க்குத் தங்கள் இயந்திரம் எங்கள் பேச்சை ஆங்கிலத்தில் மாற்றியிருக்கிறது. அதன் பொருள் இது: "வெடிகுண்டு வந்துவிட்டது. இரண்டு பெட்டி. பனியில் வை. சூடானால் அனைத்தும் வெடிக்கும். காலை ஆறு மணிக்குள் கோயிலில் வைக்க வேண்டும். ஒன்று தேக்காவுக்கு." 4.23க்கு 'உயிருக்கு ஆபத்து, அவசர வெளிப்படுத்தல்' என்ற தலைப்பில் அதைக் காவல்துறைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். 'மனித ஆய்வு' என்ற கட்டத்தில் 'தேவையில்லை' என்று இருக்கிறது.

நேர்மையாகச் சொல்கிறேன். அந்த ஆங்கிலத்தை மட்டும் என் கையில் கொடுத்திருந்தால் நானும் போலீஸைத்தான் கூப்பிட்டிருப்பேன். காவல்துறைக்குச் சொன்னதில் எனக்குக் குறை இல்லை. இந்த ஊரில் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் ஒரு மொழியைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக்கூடத் தாங்கள் கேட்கவில்லை என்பதே குறை. இடையிலிருந்த பதினோரு நிமிடத்தில் தமிழர் நிறைந்த தேக்கா சந்தையில் நடந்துபோகிற எவரிடம் காட்டியிருந்தாலும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்.

6. ஐந்து மணிக்கு முன்பே காவல்துறையினர் கடைக்கு வந்துவிட்டார்கள். கடைக்கு முன்னால் நடைபாதையை மறித்தார்கள். மருதப்பனைச் சுவரோரம் நிற்கவைத்தார்கள். அவர்கள் கையில் இருந்த தாளின்படி அவர்கள் செய்தது சரியே. வந்தவர்களில் ருக்கையா என்ற பெண் அதிகாரிக்குத் தமிழ் தெரியும். மருதப்பனின் கைப்பேசியை வாங்கி, மூலச் செய்தியைத் தமிழில் படித்தார். இரண்டாவது முறை படித்தார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் இருந்த தெர்மோகோல் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"இதாம்மா அந்தக் குண்டு?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, இன்னைக்கு நல்ல சரக்கு. ஒரு முழம் தரவா?" என்றார் என் தாயார். அவருக்கு அதுவரை என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை.

"வேலையில இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு, அவர் தம் சக அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கிளம்பும்போது மருதப்பனிடம் மன்னிப்பும் கேட்டார். வழக்கு எதுவும் இல்லை என்று மறுநாளே எழுத்தில் கொடுத்தார்கள். அதன் நகலை இணைத்துள்ளேன்.

7. தங்கள் பதிவின்படி, 4.31க்குக் காவல்துறை தங்களிடம் கேட்டது மூன்று விவரங்கள்: பயனர் பெயர், தொலைபேசி எண், கடைசியாக இருந்த இடம். 4.40க்குத் தாங்கள் கொடுத்தது எட்டு மாதச் செய்திகள், படங்கள், குரல் பதிவுகள், அவருக்குத் தெரிந்தவர்களின் எண்கள். கேட்ட மூன்றைத் தேடி எடுப்பதைவிட மொத்தமாக அள்ளிக் கொடுப்பது தங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். மூன்றுக்கு மேல் எதையும் திறக்கவில்லை என்று அந்த அதிகாரி எங்களிடம் தெரிவித்தார். அவரை நம்புகிறேன். ஆனால் அது அவருடைய நல்ல குணம். தங்கள் விதி என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த எட்டு மாதத்தில் மருதப்பனின் மனைவி அனுப்பிய கர்ப்பப்பை அறுவை சிகிச்சைச் சீட்டின் படங்கள் இருந்தன. வலி தாங்காமல் அவர் அழுதுகொண்டே பேசிய குரல் பதிவுகள் இருந்தன. விவரத்தைச் சொன்னபோது மருதப்பன் தங்களைத் திட்டவில்லை. "அதையும் பாத்திருப்பாங்களா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். பொத்தானைத் தட்டியவள் நான். அந்தக் கேள்வியைத் தங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். அப்படியே அவரிடம் சேர்க்கிறேன்.

8. மூன்று பேர் எழுதினோம். என் கணக்கும் என் தாயாரின் கணக்கும் அப்படியே இருக்கின்றன. மருதப்பனின் கணக்கை மட்டும் மூடிவிட்டீர்கள். 'கோயில்ல வச்சுடணும்' என்று எழுதியவள் நான். சூடு பட்டால் வெடிக்கும் என்றவர் என் தாயார். நாங்கள் இருவரும் குடிமக்கள். அவர் வெளிநாட்டு ஊழியர். தங்கள் இயந்திரம் இதை வைத்துத்தான் பிரித்ததா என்று கேட்டேன். பதில் இல்லை.

கணக்கை மூடியதோடு நிற்கவில்லை. அவருடைய எண்ணை யார் தேடினாலும் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது: 'வன்முறை மிரட்டல் காரணமாக இக்கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.' இன்றும் வருகிறது. மனுவை எழுதுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இதனால் அவருக்கு நேர்ந்தது: ஃபேரர் பார்க்கில் ஆறு ஆண்டுகளாக அவர் வாடகைக்கு இருக்கும் அறையை இம்மாதம் 30ஆம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் திரு. குணமணி கெட்டவர் அல்லர். காவல்துறைக் கடிதத்தைக் காட்டினோம். அவர் சொன்னது இது: "போலீஸே ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்க, சரிலா தம்பி. ஆனா போன்ல இன்னும் செவப்பா காட்டுதே. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா நான் எதைக் காட்டுறது?" வேறு ஏழு இடங்களில் அறை கேட்டோம். எல்லாரும் தங்கள் செயலியில்தான் பேசுகிறார்கள். எண்ணைக் கொடுத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவர்கூடக் காரணம் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றோம்; இரண்டு பெண்கள் இருக்கும் வீட்டில் தன்னால் இன்னொரு பேச்சு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 30ஆம் தேதிக்குள் அறை கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகப்போவதாக என் தாயாரிடம் சொல்லிவிட்டார். மனைவிக்கு இன்னும் மருத்துவம் முடியவில்லை.

9. தங்கள் மூன்று பதில்களையும் இங்கே பதிவு செய்கிறேன். முதலாவது: "தங்கள் கணக்கைப் பரிசோதித்தோம். அது நல்ல நிலையில் உள்ளது." நான் என் கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாவது: "பாதிக்கப்பட்டவர் தம் கணக்கின் வழியாகவே முறையிட வேண்டும்." அவருடைய கணக்கு தங்களால் மூடப்பட்டது. மூன்றாவது: "சட்ட அமலாக்கம் தொடர்பானவற்றில் நாங்கள் கருத்து தெரிவிப்பதில்லை." ஏழு கோடி பேர் பார்க்கக்கூடிய செயலியில் சிவப்பு எழுத்தில் போட்டிருப்பது கருத்து இல்லையென்றால் வேறென்ன? தவறாகப் படித்து அனுப்பத் தங்களுக்குப் பதினோரு நிமிடம் போதுமானதாக இருந்தது. சரியாகப் படிக்க நாற்பத்தெட்டு நாள் போதவில்லை.

10. கடையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. மருதப்பன் இப்போது சாதாரணக் குறுஞ்செய்திதான் அனுப்புகிறார். அதிலும் குண்டு என்று எழுதுவதில்லை. பயந்துபோய், "வெள்ளை வந்துருச்சு அக்கா, ரெண்டு பெட்டி" என்று எழுதுகிறார். அதைத் தங்கள் இயந்திரம் கண்டால் எந்தப் போதைப்பொடி என்று படிக்கும் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நான் கேட்பது:

நவம்பர் 30க்கு முன் அந்தச் சிவப்பு அறிவிப்பை எடுத்துவிடுங்கள். அவருடைய கணக்கைத் திருப்பிக் கொடுங்கள். 'இது எங்கள் மொழிபெயர்ப்புத் தவறு, திரு. மருதப்பன் எந்த மிரட்டலும் விடுக்கவில்லை' என்று நிறுவனத்தின் தாளில் ஒரு வரி, கையெழுத்துடன் வேண்டும். திரு. குணமணி கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இழப்பீடு கேட்கவில்லை. அவர் கேட்கவேண்டாம் என்று சொன்னார்.

எட்டு மாதத் தரவில் என்னென்ன கொடுக்கப்பட்டது என்ற முழுப் பட்டியலை அவருக்குத் தாருங்கள். இனிமேல் மூன்று கேட்டால் மூன்றைக் கொடுங்கள். ஒரு தமிழ்ச் செய்தியை வைத்து ஒருவரைக் காவல்துறையிடம் ஒப்படைப்பதற்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அதைப் படிக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். அப்படி ஒருவர் தங்களிடம் இல்லையென்றால், வேலைக்கு எடுங்கள். இந்த ஊரில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மனுவைத் தங்கள் இயந்திரத்திடம் கொடுக்காதீர்கள். இதில் குண்டு என்ற சொல் பல முறை வருகிறது. கோயிலும் தேக்காவும் வருகின்றன. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. தமிழ் தெரிந்த ஒரு மனிதர் இதைப் படித்திருந்தால், அந்த ஒரு வரி கடைக்கு வந்து சேரும். அதற்குப் பதிலாக மீண்டும் போலீஸ்தான் கடைக்கு வந்தால், யார் படித்தது என்று தெரிந்துகொள்வோம். வருபவர்களிடம் காட்டப் பெட்டி இருக்கும். அதை ஐஸில் அடுக்கிவைக்க மருதப்பன் இருக்க வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
வைஷாலி த/பெ சிங்காரவேல்

இடம்: சிங்கப்பூர்
நாள்: 12 நவம்பர் 2025

இணைப்பு: காவல்துறைக் கடிதத்தின் நகல், தங்கள் பதிவின் இரண்டு பக்கங்கள், செப்டம்பர் 25ஆம் தேதி வந்த சரக்குச் சீட்டு – 'குண்டுமல்லி, 2 பெட்டி'.