ஆசீர்வாதம் கட்டிய வில்

என் உயிருக்கு உயிரான கோமதியக்காவுக்கு,

இந்த ஐப்பசி வந்தால் நீ போய் ஒரு வருடம். அங்கே எப்படி இருக்கிறாய்? சுருதி சேர்க்கத் துணைக்கு ஆள் உண்டா? இங்கே வெள்ளானூர்ப் பக்கம் நாம் சைக்கிளில் போன வயலெல்லாம் கல் நட்டு மனையாகிவிட்டது. நம் தெருவுக்குக் கேபிள் டிவி வந்துவிட்டது. உன் வயலினை மட்டும் யாரும் தொடவில்லை.

உன் மாணவர்கள் ஆவடிக் கல்யாண மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். ஒரு நினைவு மலரும் அச்சுப் போடுகிறார்கள். மாணவர்கள் ஆயிரம் பேர் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குறைத்துப் பேசுகிறவர்கள் எண்பது என்பார்கள். மலரில் உன்னைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது என் பெயர்தான் முதலில் வந்தது. சொன்னது நான்தான், இருந்தாலும் யாரும் மறுக்கவில்லை. எட்டாவதில் மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் பத்தாவது வரை படித்தவன்தானே?

இசைக் கல்லூரிக்கு அம்பத்தூரில் ரயிலேறும்போது, அந்தக் கூட்டத்தில் வயலின் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாய். முன்னால் நின்று வழிவிடச் சொல்லிக் கத்துவது என் வேலை. நீ வாசித்தால் அம்பத்தூர் ஏரியில் தண்ணீர் ஒரு படி ஏறும் என்று என் லேத் பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். "சொம்மா அளக்காதடா" என்பாய். சிரித்துக்கொண்டேதான் சொல்வாய்.

ஆவடிக் குவார்ட்டர்ஸில் நீ பாடம் எடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஷிப்டு முடிந்ததும் வெல்டர் முத்தையா முகம்கூடக் கழுவாமல் வந்து உட்காருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதில் வயலின் பிடித்த ஆள். "கை நடுங்குது டீச்சர்" என்பார். "நடுங்கட்டும் முத்தையா. அதை நம்ம பேச்சு கேக்க வெச்சுட்டா அதுதான் கமகம்" என்பாய். எந்த வாத்தியார் இப்படிச் சொல்லுவார்? வெல்டிங் பொறி பட்ட அந்த விரலில் நீ தோடி வரவழைத்தாய். தோடிதான் என்று நினைக்கிறேன். கல்யாணியாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டு வருடம் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாகவே வாசித்தாய். திருவேற்காட்டில் ஒரு திருவிழாவில்தான் முதன்முதலாக உனக்குத் தனிக் கச்சேரி. ஏற்பாடு செய்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லேடீஸு, ஒண்டியா ரெண்டு மணி நேரம் தாங்குவாங்களாபா?" என்று கேட்டார். மயிலாப்பூரிலிருந்து ஒரு சபாக்காரர் உன்னைக் கேட்கவே வந்திருந்தார். நன்றாக அமைந்தால் டவுனில் தனி மேடை. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பக்கவாத்தியம். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தெரிந்ததால்தான் அக்கா, அன்று மத்தியானம் உன் பெட்டியைத் திறந்தேன். வில்லில் கட்டிய குதிரைமுடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தூசி. கச்சேரிக்குப் போகிற வில் இப்படியா இருக்கும் என்று துணியால் சுத்தமாகத் துடைத்தேன். லேத்தில் இரும்பு இரும்போடு உரசுகிற இடத்தில் எண்ணெய் விடுகிறோம். இது தந்தியோடு உரசுகிறதே. தையல் மிஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டு, முடி முழுக்க நீவிவிட்டேன். பளபளவென்று இருந்தது. அந்த வெள்ளைத் தூசிதான் தந்தியைப் பிடித்து நாதம் எழுப்பும் ரோசின் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மேடையில் நீ வில்லை வைத்து இழுத்தாய். சத்தமே இல்லை. வில் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தாய். மிருதங்கக்காரர் உன் முகத்தைப் பார்த்தார். நீ வில்லை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாய். பிறகு முதல் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாய். அக்கா, அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

வில்லைக் கீழே வைத்துவிட்டு, விரலால் மீட்ட ஆரம்பித்தாய். கூட்டத்தில் இருந்த முத்தையா மொபெட்டை எடுத்துக்கொண்டு தன் வில்லைக் கொண்டுவர ஆவடிக்கு ஓடினார். ஏழு நிமிடத்தில் திரும்பினார் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் வெறும் விரலாலேயே வர்ணமும் இரண்டு கீர்த்தனையும் வாசித்தாய். விரல் சிவந்து வீங்கியதை நான் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. முத்தையாவின் வில் வந்த பிறகு நீ வாசித்ததை, எதையும் மிகைப்படுத்தத் தெரிந்த எனக்கே மிகைப்படுத்தத் தெரியவில்லை.

சபாக்காரர் மேடையருகே வந்து, "வில்லுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "பூந்தமல்லில ஆசீர்வாதம்னு ஒருத்தர் சார், போன வாரம்தான் முடி மாத்திக் குட்த்தார். வேலை சுத்தமில்ல." நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். என் குரல் பெரியது. சபாக்காரர் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார். அடுத்த மார்கழியில் உனக்கு டவுனில் தனி மேடை கிடைத்தது. டவுனிலிருந்து ஆசீர்வாதம் அண்ணனுக்கு வந்துகொண்டிருந்த வில்கள் நின்றுபோயின.

அன்று ஷேர் வேனில் திரும்பும்போது நீ கேட்டது ஒன்றுதான். "அவர் பேர ஏன்டா இழுத்தே?"

"பயந்துட்டேன்கா."

"என் வாயால உன்ன காட்டிக் குடுக்க மாட்டேன். நீயே சொல்லு, என்னிக்கு தோணுதோ அன்னிக்கு. அதுவரிக்கும் என் வில்லு அவராண்டதான் போவும். நீதான் எடுத்துகினு போணும்."

பதினோரு வருடம் எடுத்துக்கொண்டு போனேன். உன் மாணவர்கள் எல்லோரையும் அவரிடமே அனுப்பினாய். போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார். ஒருநாள், "எவனோ கெளப்பி வுட்டுட்டான் தாண்டவா. உங்கக்கா இல்லன்னா கடைய என்னிக்கோ மூடியிருப்பேன்" என்றார். அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

போன வாரம் மலருக்கு எழுதியவற்றையெல்லாம் பிள்ளைகள் எனக்குப் படித்துக் காட்டினார்கள். திருவேற்காட்டுக் கச்சேரியும் அதில் இருக்கிறது. 'மட்டமாக முடி கட்டிய வில்லால் வந்த சோதனை' என்று எழுதியிருந்தார்கள். நான் சொல்லிச் சொல்லிப் பரவிய கதைதான். அது அச்சாகிவிட்டால் அப்புறம் யார் அழிப்பது? நேற்று பூந்தமல்லிக்குப் போனேன், முதலில் அவரிடம் சொல்லிவிடலாம் என்று. டீ வந்தது. வில் கொண்டு வராமல் நான் வந்ததைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

அதனால் இந்தக் கடிதம். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் ஆசீர்வாதம் அண்ணனை முதல் வரிசையில், அன்று நான் உட்கார்ந்த மாதிரி மேடைக்கு நேராக உட்கார வைத்து, இதை நானே படிப்பேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன். படித்து முடித்ததும் உன் வில்லை அவரிடம் நீட்டுவேன், புது முடி கட்டச் சொல்லி. அவர் வாங்காவிட்டால் மறுநாள் கடைக்குப் போய் நீட்டுவேன். அதற்கு மறுநாளும் போவேன். வழி எனக்கு நன்றாகத் தெரியும். நீ பழக்கிய வழிதானே.

உன் வில்லுக்கு எண்ணெய் போட்ட தம்பி,
தாண்டவராயன்