‘வ’ என்றால் வத்தம்

இன்று காலை ஆய்வகத்தில் உன் தெர்மகோல் பெட்டியைத் திறந்தேன். குப்பென்று இறால் வாடை. காத்திவாக்கத்திலிருந்து உன் தம்பி மீன் ஏற்றும் பெட்டியைத் தூக்கிவந்து, ஐஸ் போட்டு, அதில் எண்ணூர்க் கழிமுகத்துத் தண்ணீர் பாட்டில்களை அடுக்குவாயே, அதே பெட்டிதான். எத்தனை தடவை கழுவியும் வாடை போகவில்லை. நீதான் ஒரு காய்ச்சலைச் சாக்கு வைத்துப் போய்விட்டாய். உன்மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

“நம்ம வூட்டாண்ட ஓடற தண்ணி. அது இன்னா கதில கீதுன்னு நம்ம சனத்துக்கே தெரியல. பீரோல பூட்டிகினா யாருக்கு இன்னா லாபம்? தொறந்து வுடுடி” என்பாய். திறக்கத்தான் போகிறோம். கடல், காற்று, மண் என்று ஆளுக்கொரு பக்கம் அளந்து வைத்திருந்த ஆய்வகங்களின் தரவுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இன்று மாலை இணையத்தில் விடுகிறார்கள். சரிபார்க்கச் சொல்லி நேற்று வரைபடம் அனுப்பினார்கள்.

கழிவுக் குழாய் இறங்குகிற இடத்தில் தண்ணீர் சுத்தமாம்! மோசமான புள்ளியெல்லாம் அக்கரையில், உன் சனங்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற வடக்குப் பக்கம். இதை நாலு பேர் பார்த்தால் அந்த இறாலை எவன் வாங்குவான்? குழாய்க்காரனை எவன் கேட்பான்?

உன் கோப்பைத் திறந்து பார்த்தேன். மோசமான அளவுகளுக்கு எதிரேயெல்லாம் ‘குழாய் - வ’ என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான். தரவுகளைச் சேர்த்தவர்கள் அதைக் குழாய்க்கு வடக்கே என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன்? வத்தம் என்ற சொல்லையே கேட்டிராதவர்கள்.

எனக்கு அந்த வெயில் ஞாபகம் வந்தது. படகில் உட்கார்ந்து, “போதும்டி, மண்டை வெடிக்குது” என்று நான் கத்துகிறேன். “இரு கஸ்மாலம், தண்ணி வத்தட்டும். இப்போ கடல் ஏறி அழுக்க மறைச்சிகினு கீது” என்று நீ சிரிக்கிறாய். கடல் ஏறியிருந்தபோது எடுத்த அளவுகள் மட்டும்தான் வரைபடத்தில் குழாயருகே மிஞ்சியிருக்கின்றன.

ஆனாலும் பயம். நீ எங்காவது வடக்கையும் ‘வ’ என்றே எழுதியிருந்தால்? கேட்க நீ இல்லையே. உன் தம்பிக்குப் போன் செய்தேன்.

“தண்ணி எடுக்க வடக்கால நம்ம போட்டு போனதே இல்லக்கா. குழாயாண்டயே கெடந்தோம். அது வத்தம்தான்க்கா” என்றான். பிறகு, “எங்கக்கா எழுத்து அப்டியே கீதா?” என்று கேட்டான்.

வரைபடத்தைத் திருத்தச் சொல்லிவிட்டேன். ‘வ என்றால் வத்தம், கடல் தண்ணீர் இறங்கி நிற்கும் நேரம்’ என்று குறிப்பும் சேர்த்தாயிற்று. ஆனால் இப்படி இன்னும் எத்தனை சுருக்கெழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாயோ! இனி ஊர் உலகமே திறந்து படிக்கும். புரியாத இடத்தில் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும்.

‘சந்தேகங்களுக்கு’ என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. எடுத்துவிடச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. அதன் கீழே என் பெயரைப் போட்டேன். இப்போது போன் அடித்தாலே பதறுகிறேன்டி. யாரோ உன்னைத்தான் கேட்பார்கள். நான்தான் எடுத்துப் பேச வேண்டும்.