பௌர்ணமிக்கு மறுநாள்

என் கோபக்கார அண்ணிக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. அண்ணன் காபியில் சர்க்கரை ஜாஸ்தி போட்டுக் குடிக்கிறார், கேட்க ஆள் இல்லை. அதெல்லாம் இருக்கட்டும். முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம், பௌர்ணமியன்று, உங்கள் பெயரில் அன்னதானம் போட்டோம்.

கோபப்படாதீர்கள். இல்லை, கோபப்படுங்கள்.

கிரிவலப் பாதையில் பௌர்ணமி வந்தால் அடிக்கொரு பந்தல், பந்தலுக்குப் பந்தல் சோறு. மற்ற நாளில் அதே பாதையோரம், பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுப்போன வயசானவர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். அன்னதானக்காரர்களை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லி எத்தனை வாசலில் சண்டை போட்டீர்கள்! "பௌர்ணமில போட்டாதாம்மா புண்ணியம்" என்பார்கள். "பசி இன்னா பஞ்சாங்கம் பாத்துக்கினா வருது?" என்று கேட்டுவிட்டு வருவீர்கள். ஒருவரும் மாற்றவில்லை. கடைசியில் நீங்களே தினமும் மத்தியானம் பத்துப் பேருக்குத் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போனீர்கள்.

வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிற நான் என்ன செய்தேன்? பௌர்ணமிக்கு ஒரு கரண்டிகூடக் கடையில் மிஞ்சவில்லை என்று உங்களிடமே பெருமை பேசினேன். எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்?

அந்த அன்னதானத்துக்கும் பெரிய அண்டாவை வண்டியில் ஏற்றியவன் நான்தான். தெருக்காரர்கள் உங்கள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். போட்டோ என்றாலே அடுப்படிக்குள் ஓடுகிற உங்களை, ஆளுயரத்துக்கு! எங்களுக்கு இரண்டு பக்கமும் வேறு பந்தல்கள். நடந்து வந்த ஓர் அம்மாவிடம் தட்டை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டார். "போதுங்க, இதுக்குள்ள அஞ்சு எடத்துல வாங்கிட்டேன்." பாதி அண்டா சாம்பார் சாதம் மிஞ்சிக் கெட்டுப்போனது. குழி தோண்டிக் கொட்டினோம். மண்ணைத் தள்ளும்போது ஃப்ளெக்ஸில் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் மனசு கேட்காமல், வீட்டில் வடித்ததை உங்கள் தூக்கில் போட்டுக்கொண்டு போனேன். அடி அண்ணாமலைப் பக்கம் புளியமரத்தடியில் இருக்கிற, கண் தெரியாத அம்மா, தூக்குச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார்.

"வந்துட்டியாம்மா?"

"அம்மா இல்லீங்க. அவங்க கொழுந்தன். அம்மா தவறிட்டாங்க."

அவர் தட்டைத் தடவி எடுத்தார். "நேத்து அவ்ளோ குடுத்தாங்க, திங்க முடியல. இன்னிக்கி ஒருத்தரும் வர்ல. நீ நாளைக்கி வருவியாப்பா?"

நீங்கள் போன பிறகு அந்தப் பக்கம் எங்களில் ஒருவரும் சோறு எடுத்துக்கொண்டு போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அண்ணி. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கடையில் புதுச் சட்டம். பௌர்ணமிக்கு அண்டா வேண்டுமா, சாதாரண நாள் ஒன்றையும் காலண்டரில் எழுதிவிட்டுப் போக வேண்டும். அன்று பத்துப் பேருக்குச் சோறு அவர்கள் பொறுப்பு. "இன்னாப்பா, சாமி காரியத்துல கண்டிஷன் போடற?" என்று பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் எகிறினார்.

"எங்க அண்ணி போட்ட கண்டிஷன்ங்க. சண்ட போடணும்னா அவங்ககிட்டதான் போவணும்."

வேறு கடைக்குப் போய்விட்டார். போகட்டும். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைப் பயிர் போடுகிற ஒரு குடும்பம் செவ்வாய்க்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பஸ்ஸில் சாதம் வந்து இறங்குகிறது. வேங்கிக்கால் புது வீடுகளில் இருக்கிற பெண்கள் நான்கு பேர் வியாழனும் வெள்ளியும் எடுத்திருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் காலி. அந்த நாட்களுக்கு நம் வீட்டு அடுப்பு இருக்கிறது. அண்ணன் காய் நறுக்குகிறார், பீன்ஸைக் கட்டைவிரல் நீளத்துக்கு.

அவரோடும் ஒரு சண்டை ஆனது. உங்கள் திதியே பௌர்ணமியாக அமைந்துவிட்டதே! "வருஷ தெவசத்துக்காவது அவ பேருக்குப் பெருசா செய்ய வேணாமாடா?" என்று அழுதார். நானும் அழுதேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

திவசம் வீட்டோடு நடக்கும். பந்தல் இல்லை, ஃப்ளெக்ஸ் இல்லை. உங்கள் பெயருக்கான சோறு மறுநாள் மத்தியானம் போகும். அண்ணனும் நானும் எடுத்துப் போவோம். அதற்கு அடுத்த நாளும் போகும். இன்றைக்கு என்ன விசேஷம் என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்று சொல்வேன்.

உங்களிடம் திட்டு வாங்கியே வளர்ந்த கொழுந்தன்,
சேகர்