கிணறு ஒரு நாளில் எவ்வளவு தரும்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அக்கா மூவரும் சுகம், உன் சுகம் தெரிய வாசலைப் பார்த்தபடி இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி, அதை விடு. அக்கா சலவைக் கடை வைக்கப்போகிறாள் அல்லவா, பின்வாசல் கிணற்றை நம்பிப் பெரிய மெஷின் ஒன்று வாங்குவதா இரண்டா என்பதுதான் வீட்டில் பேச்சு. தண்ணீர் போதவில்லை என்று பிறகு வந்து நின்றால் திருப்பி எடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பம்பு ஒரு நாளில் எவ்வளவு இறைக்கும் என்று அளக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள், கணக்கில் நான் எப்பேர்ப்பட்ட புலி என்று தெரிந்தும்.

காலையில் பம்பு போட்டதும் குழாயடியில் வாளியை வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். அதே வேகத்தை நாள் முழுக்கப் பெருக்கி, மூன்று மெஷினே வாங்கலாம் என்று அறிவித்தேன். மதியம் பார்த்தால் பாதி வேகம்கூட இல்லை, கிணறு இறங்க இறங்கக் குழாயும் சோர்ந்துவிடுகிறது. அக்கா சிரித்த சிரிப்பு உனக்கே கேட்டிருக்கும். சாயங்காலமும் அளந்தேன். காலை வேகத்துக்கும் மதிய வேகத்துக்கும் நடுவில் ஒன்றை எடுத்து இடையில் உள்ள மணி நேரத்தால் பெருக்கி, மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் அப்படியே செய்து கூட்டினால், இரண்டு மெஷினுக்குச் சரியாக வந்தது. பின்சுவரில் கரித்துண்டால் வேகம் கூடினால் மேலே, குறைந்தால் கீழே என்று வேளைக்கு ஒன்றாக மூன்று புள்ளி வைத்து, கோடும் இழுத்துக் காட்டினேன். இரண்டு மெஷின் என்று கடைக்காரரிடம் சொல்ல அக்கா போனை எடுத்துவிட்டாள்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, இருடி, இந்தக் கொடி என்ன முனைக்கு முனை விறைப்பாவா நிக்குது, நடுவுல தொங்கலையா, உங்கப்பா புள்ளிக்குப் புள்ளி இழுத்துக் கட்டிட்டாரு, நடுவுல தண்ணி எப்படி வந்துச்சுன்னு யாரு பார்த்தா என்றாள். மறுநாள் இடையிடையேயும் அளந்தோம். வேகம் முதலில் மடமடவென்று விழுந்து, பிறகு மெல்லத்தான் குறைகிறது, புதுப் புள்ளியெல்லாம் என் கோட்டுக்குக் கீழேயே தொங்கின. கூட்டிப் பார்த்தால் இரண்டாவது மெஷினுக்குத் தண்ணீர் இல்லை. அக்கா முகம் சுண்டிவிட்டது, இருந்தாலும், ஒண்ணே ஓடட்டும்ப்பா, பார்ப்போம் என்றாள்.

எனக்குத்தான் அரிப்பு அடங்கவில்லை. இன்னும் நெருக்கி அளந்தால் கணக்கு இன்னும் இறங்கி, அந்த ஒன்றுக்கும் உலை வைத்துவிடுமோ என்று பயந்து நேற்று மறுபடி வாளியோடு நின்றேன். ஒரு சொம்பளவு இறங்கியது, அதோடு சரி. நெருக்க நெருக்க ஓர் இடத்தில் போய் நின்றுவிடும் போலிருக்கிறது, அது ஏன் என்று தெரிந்தால் எழுது, எனக்குப் புரிகிற மாதிரி.

வேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணு. மெஷின் வந்ததும் அக்காவுக்குப் போன் பண்ணு, ஒன்றுதானா என்று மட்டும் கேட்டுவிடாதே.

வாளியும் கையுமாக,
உன் அப்பா